பஸ் வீட்டுக்குக் கூரை ஏசி: டெக்சஸ் வெயிலில் கற்றவை

பழைய ஸ்கூல் பஸ்ஸை வாங்கி வீடாக மாற்றப் போகிறோம் என்று சொல்லும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை பிடியூ ஏசி போடலாம்?" என்றுதான். பிடியூ என்பது ஏசியின் குளிர வைக்கும் திறனைச் சொல்லும் அளவு. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது மூன்று. எத்தனை ஜன்னலை மூடப் போகிறீர்கள்? கரண்ட் எங்கிருந்து, எந்தக் கனத்து ஒயரில் வரப்போகிறது? அடுப்பை எங்கே வைக்கப் போகிறீர்கள்? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் ஏசியைத் தேர்ந்தெடுப்பது அரை மணி நேர வேலை. தெரியாமல் வாங்கினால் எவ்வளவு பெரிய ஏசியும் ஜூன் மாதத்திலேயே திணறிவிடும்.

நாங்கள் ஹூஸ்டனை ஒட்டிய ஊரில் இருக்கிறோம். எங்களுடையது, பள்ளி நிர்வாகம் ஓட்டி முடித்து ஏலத்துக்கு விட்ட புளூ பேர்ட் கம்பெனி பஸ். இருக்கைகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து வீடாக்கினோம். அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருவது பெரும்பாலும் கோடையில்தான். பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு. அதனால் பஸ் வெளியே கிளம்புவதும் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் நாட்களில்தான். என் அப்பா திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவர். ஆனாலும் இப்போது ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறார், புழுக்கத்தில் சீக்கிரம் சோர்ந்துவிடுவார். ஏசி சரியாக ஓடினால்தான் அவரை வைத்துக்கொண்டு பயணம் போக முடியும். அதனாலேயே இந்த விஷயத்தில் இவ்வளவு மெனக்கெட்டேன்.

முதலில் பிடியூ கணக்கு. நம் ஊரில் ஒரு டன் ஏசி என்கிறோமே, அது 12,000 பிடியூ. இங்கே மோட்டார்ஹோம் என்கிற வீட்டு வண்டிகளின் கூரையில் வைக்கும் ஏசிகள் பெரும்பாலும் 13,500, 15,000 என்று இரண்டு அளவில் வரும். அதாவது ஒரு டன்னுக்குச் சற்று மேல், இல்லையென்றால் ஒன்றேகால் டன். பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறைக்கு ஊரில் ஒரு டன் போடுகிறோம். பெரிய ஸ்கூல் பஸ்ஸின் உட்பரப்பு அதைப்போல இரண்டு மடங்காவது இருக்கும். அதோடு, வீட்டுச் சுவர் செங்கல், பஸ் சுவர் இரும்புத் தகடு. வீட்டில் இரண்டு ஜன்னல் இருக்கும் இடத்தில் பஸ்ஸில் வரிசையாகக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடிதான் முதல் எதிரி. நேர் வெயிலில் ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியாக 600, 700 வாட் வரை வெப்பம் உள்ளே வரும். வெயில் பக்கம் இரண்டு சதுர மீட்டர் கண்ணாடி திறந்திருந்தால் கிட்டத்தட்ட 1,300 வாட். ஏசி கணக்கில் அது ஏறக்குறைய 4,500 பிடியூ. 13,500 பிடியூ ஏசியின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் கண்ணாடிக்கே போய்விடும். மனிதர்களைக் குளிர்விப்பது அதற்கப்புறம்தான். நாங்கள் பாதிக்கு மேற்பட்ட ஜன்னல்களை எடுத்துவிட்டுத் தகடு வைத்து மூடினோம். மீதிக்கு உள்ளிருந்து கச்சிதமாகப் பொருந்தும்படி வெள்ளி நிற இன்சுலேஷன் தட்டிகள் வெட்டி வைத்திருக்கிறோம். முன்பக்கக் கண்ணாடிக்கு எதுவும் செய்ய முடியாது, ஓட்டியாக வேண்டுமே. அதனால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கனமான திரை ஒன்று கூரையிலிருந்து தரைவரை தொங்குகிறது. வண்டியை நிறுத்தியதும் அதை இழுத்துவிடுவோம். இந்தத் திரைக்கு ஆன செலவு மிகக் குறைவு, ஏசிக்கு அது கொடுத்த ஓய்வு மிக அதிகம்.

கூரைக்கு வருகிறேன். பஸ்ஸின் உட்கூரைத் தகடுகளைக் கழற்றினால் கம்பெனி போட்ட மெல்லிய கண்ணாடிப் பஞ்சு இருக்கும். பல பஸ்களில் அது நனைந்து, அழுத்தி, பெயருக்குத்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு ஸ்பிரே ஃபோம் அடித்தோம். அடிக்கும்போது கூரையின் குறுக்கே ஓடும் இரும்பு விலாக்களின் மீதும் படும்படி அடிக்கச் சொல்ல வேண்டும். விலா வெறுமையாக இருந்தால் வெளி வெப்பம் அந்த இரும்பு வழியாகவே உள்ளே இறங்கும். நண்பகலில் உட்கூரையைத் தொட்டுப் பார்த்தால் விலா எங்கே ஓடுகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். வெளிக்கூரைக்கு வெப்பத்தைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு. மஞ்சள் பஸ்ஸாக இருந்தபோது கை வைக்க முடியாத தகடு, பூச்சுக்குப் பிறகு மதியத்திலும் தொடும்படி இருந்தது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஏசிக்குக் கடை ஏறினோம்.

ஒரே 15,000 பிடியூவா, இரண்டு 13,500 பிடியூவா என்ற கேள்வியில் நான் இரண்டின் பக்கம். காரணங்கள் உண்டு. நடுவில் ஒரே பெரிய ஏசி வைத்தால் குளிர் இரண்டு முனைக்கும் சரியாகப் போகாது. பஸ் நீளமான குழாய் மாதிரி, கழிப்பறைத் தடுப்பும் அலமாரியும் காற்றை மறித்துவிடும். இரண்டாவது, ஒன்று பழுதானாலும் மற்றொன்றை வைத்து இரவைக் கழித்துவிடலாம். வயதானவர்களோடு பயணம் போகும்போது இது பெரிய நிம்மதி. மூன்றாவது, ஹூஸ்டன் பக்கம் வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் அதிகத் தொல்லை. தேவைக்கு மீறிய ஏசி சட்டென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. குளிர்ச்சியாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கிற அந்த இரவு தூங்கவே விடாது. இரவில் ஒரு 13,500 மட்டும் தொடர்ந்து ஓடினால் ஈரம் வற்றி, போர்வை தேவைப்படும் அளவுக்குச் சுகமாக இருக்கும்.

வீட்டுச் சுவரில் மாட்டும் மினி ஸ்பிளிட் ஏசி போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இன்வர்ட்டர் மினி ஸ்பிளிட் கரண்ட் குறைவாக எடுக்கும், சத்தமும் குறைவு. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி, சோலார் பேட்டரியில் வாழப் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது வீட்டுச் சுவருக்காகச் செய்த பொருள். ஆயிரக்கணக்கான மைல் குலுக்கலில் செப்புக் குழாய் இணைப்புகளில் கேஸ் கசியத் தொடங்கலாம், வெளி யூனிட்டை மாட்டும் தாங்கியும் வெல்டிங்கில் விரிசல் விடலாம். கூரை ஏசியில் கம்ப்ரசர், காயில், குழாய் எல்லாம் ஒரே பெட்டிக்குள், தொழிற்சாலையிலேயே மூடி வெல்டு வைத்து வருகிறது. கேஸ் நிரப்ப வேண்டிய இணைப்பே கிடையாது. இன்னொரு பெரிய வசதி, கூரைத் துளையின் அளவு. டொமெடிக், கோல்மன் மாக் என்று எந்தக் கம்பெனியானாலும் பதினான்குக்குப் பதினான்கு அங்குலச் சதுரம்தான். ஒன்று செத்தால் வழியில் எந்த ஊரிலும் இன்னொன்றை வாங்கி அதே துளையில் உட்கார வைத்துவிடலாம். நிறையச் சுற்றுகிறவர்களுக்கு இதற்கு இணை இல்லை.

துளை போடும் இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்கூல் பஸ் கூரையின் குறுக்கே ஓடும் இரும்பு விலாக்கள், வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் காப்பதற்காக வைத்தவை. அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி எண் 220 அதற்காகவே இருக்கிறது. வசதிக்காக விலாவை அறுத்து ஏசி வைத்த பஸ்களைப் பார்த்திருக்கிறேன், மனது பதறும். இரண்டு விலாவுக்கு நடுவே பதினான்கு அங்குலத் துளை தாராளமாக வரும், கொஞ்சம் அளந்து பார்த்தால் போதும். பல பஸ்களில் கூரையில் அவசர வழிக்கான மூடி ஒன்று, இரண்டு இருக்கும். ஏற்கெனவே அங்கே துளை இருப்பதால் அதைத் தகடு வைத்து வெல்டு செய்து, அதன் நடுவில் ஏசித் துளை வெட்டுவது சுலபமான வழி. எங்கள் முன் ஏசி அப்படித்தான் உட்கார்ந்தது. பின் கதவு அவசர வழியாகத் திறக்கும்படி இருக்க வேண்டும் என்பதை அப்போது மறக்கக் கூடாது, கட்டிலை வைத்து அதையும் அடைத்துவிட்டால் தீ விபத்தில் ஓட இடமிருக்காது.

அடுத்த சிக்கல் வளைவு. மோட்டார்ஹோம் கூரை தட்டை, ஸ்கூல் பஸ் கூரை வளைந்தது. ஏசியின் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் கேஸ்கட் தட்டையான பரப்பில்தான் சமமாக அழுந்தும். அதனால் சதுர இரும்புக் குழாயில் ஒரு சட்டம் செய்து, அதன் அடிப்பக்கத்தைக் கூரை வளைவுக்கு ஏற்ப அறுத்து, சுற்றிலும் வெல்டு வைத்து, பாலியூரித்தேன் சீலன்ட் பூசினோம். மரச்சட்டம் வைக்கவே வேண்டாம். ஒரு சொட்டு நீர் உள்ளே போனாலும் மரம் ஊறி, உளுத்து, ஏசி ஆட்டம் காணும். சட்டத்தின் மேற்பரப்பு, வண்டி சமதரையில் நிற்கும்போது மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஏசியை மேலே ஏற்றுவது இரண்டு ஆள் வேலை. ஒன்று 35 முதல் 45 கிலோ வரை இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருக்கு ஒரு நல்ல சாப்பாடு போட்டு அழைத்துவிடுங்கள். துளைக்கு மேல் உட்கார வைத்ததும் உள்ளிருந்து நான்கு நீண்ட போல்ட் மேலே போய் ஏசியை இழுத்துப் பிடிக்கும். கேஸ்கட் அதன் கனத்தில் பாதி அளவுக்கு நசுங்கும்வரை, நான்கையும் மாற்றி மாற்றி, சமமாக இறுக்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் கேஸ்கட் செத்துவிடும், அப்புறம் அது நீரைத் தடுக்காது. ஏசியைச் சுற்றிலும் சீலன்ட் அப்பிவிட்டால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. கூரை ஏசியிலிருந்து வடியும் நீர் கூரை மேலேயே ஓடிப் போகும்படிதான் செய்திருக்கிறார்கள். சுற்றி அடைத்தால் அந்த நீர் போக வழியில்லாமல் உள்ளே இறங்கும்.

இப்போது என் மனதுக்கு மிக முக்கியமாகப் படும் இடம். புது ஏசி மாட்டிய பிறகும் "குளிரவே இல்லை" என்று சொல்பவர்களின் வண்டியில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது உட்கூரையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை. அதற்குள் ஒரு பக்கம் அறைக் காற்றை உறிஞ்சும் வழி, மறுபக்கம் குளிர்ந்த காற்றை ஊதும் வழி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தகடு இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அந்தத் தகட்டின் விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். ஊதிய குளிர்காற்று அறைக்கு வராமல் அந்த இடைவெளி வழியாகவே திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். ஏசிக்கு அறை குளிர்ந்துவிட்டதாகத் தோன்றும், நின்றுவிடும். இல்லையென்றால் காயிலில் ஐஸ் கட்டும். அலுமினிய ஃபாயில் டேப் ஒரு சுருள் வாங்கி, தடுப்பின் எல்லா விளிம்பையும், கூரைத் துளையின் உட்சுவர்களையும் ஒட்டி மூடினால் ஏசி வேறு ஏசியாக மாறிவிடும். துணி டேப் வேண்டாம், வெயிலில் பசை உருகி விழுந்துவிடும். வாங்கிய அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சாதாரண வெப்பமானி போதும். உறிஞ்சும் இடத்தில் ஓர் அளவு, ஊதும் இடத்தில் ஓர் அளவு. பதினைந்து, இருபது நிமிடம் ஓடிய பிறகு இரண்டுக்கும் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. செல்சியஸில் சொன்னால் 9 முதல் 12. ஈரம் மிகுந்த நாளில் கொஞ்சம் குறையலாம். இந்த வித்தியாசம் சரியாக இருந்தும் பஸ் குளிரவில்லை என்றால் கோளாறு ஏசியில் இல்லை, ஜன்னலிலும் கூரையிலும் தேடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். அமெரிக்காவில் 120 வோல்ட். மோட்டார்ஹோம் நிறுத்தும் இடங்களில் 30 ஆம்ப், 50 ஆம்ப் என்று இரண்டு வகை இணைப்பு இருக்கும். 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப் என்றால் இரண்டு தனித்தனி 120 வோல்ட் லைன், ஒவ்வொன்றிலும் 50 ஆம்ப், ஆக 12,000 வாட். பெயரில் கொஞ்சம்தான் வித்தியாசம், கையில் வருவது மூன்று மடங்குக்கு மேல். இரண்டு ஏசி வைக்கிறவர்கள் பஸ்ஸை 50 ஆம்புக்கே ஒயரிங் செய்துவிடுவது நல்லது. ஒரு கூரை ஏசி ஓடும்போது 12 முதல் 16 ஆம்ப் எடுக்கும். எங்கள் வீட்டில் அம்மாவின் தோசைக்கு இண்டக்‌ஷன் அடுப்பு, அது முழு வேகத்தில் 15 ஆம்ப். 30 ஆம்ப் இடத்தில் ஓர் ஏசி, ஓர் அடுப்பு, பேட்டரி சார்ஜர், மூன்றும் சேர்ந்தாலே பிரேக்கர் விழும். அப்படிப்பட்ட இடங்களில் சமையலைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவோம்.

ஓடும் கரண்டைவிட, ஏசி தொடங்கும் கணத்தில் இழுக்கும் கரண்ட்தான் பயங்கரம். கம்ப்ரசர் கிளம்பும்போது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் 50, 60 ஆம்ப் வரை இழுக்கும். அதனால்தான் சின்ன ஜெனரேட்டரில் ஏசி போட்டால் ஜெனரேட்டர் மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது. சாஃப்ட் ஸ்டார்ட் என்று ஒரு சிறு பெட்டி கிடைக்கிறது. ஏசியின் மேல்மூடிக்குள் கம்ப்ரசர் ஒயரோடு இணைக்க வேண்டும். அது அந்த முதல் இழுப்பைப் பாதியைவிடக் குறைவாக ஆக்கிவிடும். 2,200 வாட் இன்வர்ட்டர் ஜெனரேட்டரில் எங்கள் 13,500 ஏசி ஒன்று அதனால்தான் கிளம்புகிறது. மலைக்குப் போகும்போது இன்னொரு கணக்கு சேரும். உயரம் ஆயிரம் அடி கூடும்போதெல்லாம் ஜெனரேட்டரின் சக்தி சுமார் மூன்றரை சதவீதம் குறையும். மேற்கு டெக்சஸில் ஃபோர்ட் டேவிஸ் ஏறக்குறைய 5,000 அடி உயரம், அங்கே ஆறில் ஒரு பங்கு சக்தி காணாமல் போய்விடும். நல்லவேளை, அந்த உயரத்தில் இரவுக்கு ஏசியே தேவைப்படாது. ஜெனரேட்டரை ஜன்னலுக்கோ கதவுக்கோ பக்கத்தில் வைக்கவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. பஸ்ஸுக்குள் அதற்கான அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஏசியைக் கொல்லுவது பெரும்பாலும் வெயில் இல்லை, குறைந்த வோல்டேஜ். ஜூலை மாதப் பிற்பகலில், ஆர்வி பார்க்கில், அதாவது மோட்டார்ஹோம் நிறுத்தும் இடத்தில், எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது 120 வோல்ட் மெல்ல இறங்கி 105க்குக் கீழே போய்விடும். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரசர் மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிக ஆம்ப் இழுக்கும், சுருள் சூடேறும், ஒரு நாள் எரியும். வெளிக் கரண்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் வோல்டேஜைப் பார்த்துத் தானே துண்டிக்கும் பாதுகாப்புப் பெட்டி ஒன்றை வைத்திருக்கிறோம். ஒரு பார்க்கில் பிற்பகல் மூன்று மணிக்கு அது எங்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டது. மரத்தடியில் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்து, நனைத்த துண்டைத் தோளில் போட்டு, மாலைவரை சமாளித்தோம். அன்று பக்கத்து வண்டியில் அந்தப் பெட்டி இல்லை. ஏசி உறுமிக்கொண்டே இருந்து, பிறகு அடங்கியது. மறுநாள் அந்த வண்டிக்காரர் கம்ப்ரசரோடு சேர்த்து முழு யூனிட்டையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. சின்னத் திரையில் வோல்ட் காட்டும் பிளக் பத்து, பதினைந்து டாலருக்குக் கிடைக்கிறது. பெட்டி வாங்க இப்போது முடியாதவர்கள் அதையாவது சுவரில் செருகி வையுங்கள். 108க்குக் கீழே போனால் ஏசியை நிறுத்திவிடுங்கள்.

வீட்டு வாசலில் நிறுத்தி எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஏசி போடுகிறவர்களுக்கு: ஒயரின் கனம்தான் எல்லாம். ஐம்பது அடி நீளமுள்ள மெல்லிய 16 கேஜ் ஒயரில் 13 ஆம்ப் போனால் ஐந்து வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வெப்பமாகப் போய்விடும். அதே நீளம் கனமான 10 கேஜ் என்றால் ஒன்றேகால் வோல்ட்தான். ஒயரைத் தொட்டால் சூடாக இருந்தால் அது தகுதியற்ற ஒயர். இன்னொரு எச்சரிக்கையும் இங்கே. வீட்டில் 30 ஆம்ப் ஆர்வி பிளக் பாயின்ட் வைக்கச் சொன்னால், சில எலக்ட்ரீஷியன்கள் அதைத் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு உரியது என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதனால் ஏசி, மைக்ரோவேவ், சார்ஜர் மூன்றும் ஒரே நொடியில் போயின. 30 ஆம்ப் ஆர்வி பாயின்ட் 120 வோல்ட்தான். பஸ்ஸைச் செருகும் முன் மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள், யார் செய்து கொடுத்திருந்தாலும் சரி.

பேட்டரியில் ஓட்டலாமா என்றால், ஓட்டலாம், கணக்கு தெரிந்து ஓட்டுங்கள். 12 வோல்ட், 100 ஆம்ப் அவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.28 யூனிட் மின்சாரம். கூரை ஏசி மணிக்கு 1.3, 1.4 யூனிட் எடுக்கும். ஒரு மணி நேரம்கூட வராது. நான்கு பேட்டரி இருந்தால் மதியச் சாப்பாட்டு இடைவேளைக்கும் குட்டித் தூக்கத்துக்கும் ஆகும். இரவு முழுக்க வேண்டும் என்றால் செலவு வேறு உயரத்துக்குப் போய்விடும். சோலார் பலகைகளை ஏசிக்கு மிக அருகில் வைக்காதீர்கள். ஏசி வெளியே தள்ளும் வெந்த காற்று பலகையில் மோதித் திரும்பினால் ஏசி அதையே மறுபடி இழுத்துத் தவிக்கும்.

பராமரிப்பில் நம் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம் உண்டு. தாளிப்பு. கடுகு வெடிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி நேராக ஏசியின் உறிஞ்சு வழிக்குத்தான் போகும். ஃபில்டரில் தூசு மட்டும் படிந்தால் தண்ணீரில் அலசினால் போகும். எண்ணெயோடு சேர்ந்து படிந்தால் அது பிசின். அதைத் தாண்டி உள்ளே காயிலிலும் படிந்துவிட்டால், ஏசி போட்டதும் பழைய குழம்பு வாடை வரும், காற்றும் குறையும். அதனால்தான் அடுப்பு எங்கே என்று முதலிலேயே கேட்கிறேன். அடுப்பும் ஏசியும் நேர் மேல் கீழாக இருக்கக் கூடாது. அடுப்புக்கு மேலே கூரையில் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி தனியாக வேண்டும். தாளிக்கும் ஐந்து நிமிடம் ஏசியை நிறுத்தி, அந்த விசிறியைப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். ஃபில்டரைப் பயண நாட்களில் வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுகிறோம்.

நிறுத்திய ஏசியை உடனே போடாமல் ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். உள்ளே அழுத்தம் சமமாகும் முன் கம்ப்ரசர் கிளம்ப முயன்றால் உறுமி நின்றுவிடும்.

கட்டிலுக்கு மேலே பின் ஏசியை வைத்ததும் அம்மா சொன்னது, "ஐயா, அந்தக் காத்து நேரா தலையில அடிக்குதுய்யா, விடிஞ்சா கழுத்து பிடிக்குது." அவர் சொன்னது சரி. ஊதும் வழியின் சிறு தகடுகளைக் கால் பக்கம் திருப்பி, தலைமாட்டை மறுமுனைக்கு மாற்றினோம். திட்டம் போடும்போதே படுக்கிறவரின் தலை எங்கே வரும் என்று யோசித்துத் துளையை வைத்தால் நல்லது. கூரை ஏசியின் சத்தமும் கொஞ்சநஞ்சமில்லை. வயதானவர்கள், குழந்தைகள் படுக்கும் இடத்திலிருந்து நான்கைந்து அடி தள்ளி வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

வருடத்துக்கு இரண்டு முறை, வெயில் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும், கூரை மேல் ஏறி மேல்மூடியைக் கழற்றிப் பார்க்கிறேன். ஏறும் முன் கரண்ட் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும், பிரேக்கரை மட்டும் நம்பக் கூடாது. டெக்சஸில் மண்குளவி அதிகம். வெப்பத்தை வெளியே விடும் கன்டென்சர் காயிலின் மறைவில் கூடு கட்டிவிடும். இலை, மகரந்தம், தூசு எல்லாம் காயிலில் கம்பளம் போல் படிந்திருக்கும். காயில் சுத்தம் செய்யும் நுரையை அடித்து, பத்து நிமிடம் விட்டு, மெதுவாக வரும் தண்ணீரில் கழுவுகிறேன். பிரஷர் வாஷரை ஏசி பக்கமே கொண்டுபோகக் கூடாது. மெல்லிய அலுமினிய இதழ்கள் படுத்துவிட்டால் காற்று போகாது. படுத்த இதழ்களை நிமிர்த்த ஒரு சின்னச் சீப்பு கடைகளில் கிடைக்கிறது. காயிலுக்கு அடியில் இருக்கும் தட்டில் நீர் வடியும் துளைகளையும் அப்போதே குத்தி விட்டுவிடலாம். உள்ளே நீர் சொட்டினால் கூரை ஒழுகுகிறது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முதலில் இந்தத் துளைகள், அடுத்து நான்கு போல்ட், அதற்கப்புறம் வண்டி மட்டமாக நிற்கிறதா. சாய்வில் நிறுத்திய பஸ்ஸில் தட்டு நீர் ஒரு பக்கம் வழிந்து உள்ளே விழும். குலுக்கலில் போல்ட்கள் தளர்வது சகஜம், வருடம் ஒருமுறை சமமாக இறுக்கினால் போதும்.

காயிலில் ஐஸ் கட்டினால் ஏசி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். குளிரூட்டுவதை நிறுத்தி, விசிறியை மட்டும் வேகமாக ஓட விட்டால் உருகிவிடும். அப்புறம் காரணத்தைத் தேடலாம். அழுக்கு ஃபில்டர், நான் முன்னால் சொன்ன தடுப்பு இடைவெளி, குளிர்ந்த ஈர இரவில் விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்தது, காயிலில் செருகியிருக்கும் சென்சார் குலுக்கலில் வெளியே வந்துவிட்டது, இவற்றில் ஒன்றாக இருக்கும்.

விசிறி சுற்றுகிறது, கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது என்றால் நூற்றுக்குப் பல முறை கம்ப்ரசரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டர்தான். எங்கள் முன் ஏசிக்கு இது வந்தபோது, வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர் மூடியைக்கூடத் திறக்காமல் புது யூனிட் போட வேண்டும் என்றார். ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் வேலை. மல்டிமீட்டரில் கெபாசிட்டரின் மைக்ரோஃபாரட் அளவைப் பார்த்தால், அதன் மேல் எழுதியிருந்த எண்ணில் பாதிகூட இல்லை. முப்பது டாலருக்குள் கிடைக்கிற பொருள் அது, மாற்றியதும் ஏசி ஓடியது. இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கரண்டைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதை முறையாக வடிக்கத் தெரியாதவர்கள் தொட வேண்டாம், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் உள்ளே குளிரூட்டும் கேஸ் எது என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு காலம் ஆர் 410 ஏ. கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால், புவி வெப்பமாக்கும் திறனில் அதன் அளவு 2,088. இப்போது வரும் ஆர் 32க்கு 675. பழைய பஸ்ஸோடு வரும் ஆர் 22 ஏசியைச் சரிசெய்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த கேஸை அமெரிக்காவில் புதிதாகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் 2020இல் நின்றுவிட்டது. வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கூரை ஏசிகளும் வந்திருக்கின்றன. கரண்ட் குறைவு, சத்தம் குறைவு. எங்கள் பின் ஏசிக்கு வயதாகும்போது அதைத்தான் பார்ப்போம் என்று நினைக்கிறேன், சர்க்யூட் போர்டு குலுக்கலைத் தாங்குகிறது என்று இன்னும் சில கோடைகள் காட்டிய பிறகு.

பஸ்ஸில் ஓர் இழுப்பறை ஏசிக்கென்றே இருக்கிறது. எங்கள் மாடலுக்குரிய கெபாசிட்டர் ஒன்று, ஃபில்டர் ஸ்பாஞ்ச், ஃபாயில் டேப், இதழ் நிமிர்த்தும் சீப்பு, மல்டிமீட்டர். புது கேஸ்கட் மட்டும் அந்த இழுப்பறையில் கிடையாது. கட்டிலுக்கு அடியில், பலகை மேல், தட்டையாக வைத்திருக்கிறோம். மடித்து வைத்த கேஸ்கட் மடிப்பு விழுந்த இடத்தில் மெலிந்துவிடும், மாட்டியதும் முதல் மழையிலேயே அந்த இடத்தில்தான் நீர் இறங்கும்.